ஜார் ஆட்சி முதல் சோவியத் வரை: ரஷ்ய வரலாற்றை முழுமையாகப் படிப்பது எப்படி?

தமிழ் வாசகர்களுக்கு ரஷ்ய வரலாறு பெரும்பாலும் 1917இல்தான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல், முதல் உலகப் போரைச் சொல்லும் பாடத்தில் ரஷ்யப் புரட்சியையும் சொல்லி முடிக்கிறது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் உலக வரலாற்றில் அதை ஒரு தலைப்பாகப் படிக்கிறார்கள். தொழிற்சங்க மேடைகளில் லெனினில் தொடங்கும் பேச்சு, ஸ்டாலின்கிராட் வெற்றியோடு நிறைவடையும். புரட்சிக்கு முந்தைய முந்நூற்று எழுபது ஆண்டு ஜார் ஆட்சிக்கு ஓரிரு வரிகள் கிடைத்தால் அதிகம். ஆனால் சோவியத் ஆட்சியின் சாதனைக்கும் கொடுமைக்கும் வேர்கள் ஜார் காலத்திலேயே இருக்கின்றன. இரண்டு காலங்களையும் ஒரே தொடராகப் படித்தால்தான் இரண்டுமே விளங்கும். தமிழ்நாட்டோடு அந்த வரலாறு பல இடங்களில் நேரடியாகத் தொடர்பு கொண்டிருப்பதால், அதைப் படிக்க நமக்கென்று சில வழிகளும் உண்டு.

மாஸ்கோவின் எழுச்சி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியப் படையெடுப்பு ரஷ்யச் சிற்றரசுகளை வீழ்த்தியது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அவை மங்கோலியக் கான்களுக்குக் கப்பம் கட்டின. அந்தக் கப்பத்தை மற்ற சிற்றரசுகளிடமிருந்து வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பைப் பெற்ற மாஸ்கோ, அதைக்கொண்டே தன் பலத்தைப் பெருக்கிக்கொண்டது. 1480இல் மூன்றாம் இவான் காலத்தில் மங்கோலிய ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. அவருடைய பேரன் நான்காம் இவான் 1547இல் ‘ஜார்’ என்ற பட்டத்தோடு முடிசூடினார். ‘பயங்கர இவான்’ என்று வரலாறு குறிப்பிடுவது இவரைத்தான்.

1552இல் கசான், 1556இல் அஸ்திரகான் என்று வோல்கா நதிக்கரை நாடுகளைக் கைப்பற்றி, ரஷ்யாவைப் பல இனங்கள் வாழும் பேரரசாக மாற்றியவர் இவான். பிரபுக்கள் மீது சந்தேகம் முற்றியபோது, 1565இல் தனக்கு மட்டுமே கட்டுப்பட்ட ‘ஒப்ரிச்னிக்’ என்ற தனிப்படையை அமைத்தார். கறுப்பு உடை அணிந்த அந்தக் குதிரை வீரர்கள், துரோகிகளை மோப்பம் பிடித்துக் கடிப்பதற்கு அடையாளமாக நாய்த்தலையையும், நாட்டிலிருந்து அவர்களைப் பெருக்கித் தள்ளுவதற்கு அடையாளமாகத் துடைப்பத்தையும் சேணத்தில் கட்டிக்கொண்டு வலம் வந்தார்கள். எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் ஆட்சியாளருக்கு மட்டும் பதில் சொல்லும் காவல்படை, பிற்கால ரஷ்ய வரலாற்றில் வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

இவானின் மகனோடு பழைய அரச வம்சம் முடிவுக்கு வந்தது. பஞ்சம், உள்நாட்டுப் போர், போலந்துப் படையெடுப்பு என்று நாடு சீரழிந்த பிறகு, 1613இல் மிகயீல் ரொமானோவ் ஜாராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரொமானோவ் வம்சம் 304 ஆண்டுகள் ஆண்டது.

பேரரசும் பண்ணையடிமைகளும்

ரொமானோவ் ஆட்சியின் அடித்தளம் 1649இல் வந்த சட்டத் தொகுப்பு. உழவர்கள் தங்கள் பண்ணையை விட்டு வெளியேறும் உரிமையை அது அடியோடு பறித்தது. ஓடிப்போனவரை எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்துவரலாம் என்றானது. காலப்போக்கில் நிலப்பிரபுக்கள் மனிதர்களை நிலத்தோடும் நிலமின்றியும் விற்கத் தொடங்கினார்கள். கீழத்தஞ்சைப் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. ரஷ்யாவில் அது ஒரு வட்டாரத்தின் வழக்கமாக இல்லாமல் அரசின் சட்டமாகவே இருந்தது.

1682இல் பட்டத்துக்கு வந்த மகா பீட்டர், மேற்கு ஐரோப்பாவைப் பார்த்து ரஷ்யாவை மாற்ற முனைந்தார். கடற்படை கட்டினார்; 1703இல் சதுப்பு நிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தை எழுப்பத் தொடங்கினார்; 1721இல் ‘பேரரசர்’ பட்டம் சூடினார். பிறப்பைவிட அரசுப் பணியே தகுதியைத் தீர்மானிக்கும் வகையில், 1722இல் அரசுப் பதவிகளைப் பதினான்கு படிநிலைகளாக வகுத்தார். 1714இல் அவர் தொடங்கிய குன்ஸ்த்கமேரா அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது; தமிழோடு அதற்குள்ள தொடர்பு பின்னால் வரும். ஆனால் புதிய தலைநகரையும் தொழிற்சாலைகளையும் கட்டியது பண்ணையடிமைகளின் உழைப்புதான். மேலிருந்து ஆணையிட்டு, மக்களை வருத்தி, நாட்டை ஒரே பாய்ச்சலில் முன்னேற்றுவது என்ற முறை பீட்டர் காலத்தில் வேரூன்றியது.

இரண்டாம் கேத்தரின் (1762–1796) பிரெஞ்சுச் சிந்தனையாளர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். ஆனாலும் 1773 முதல் 1775 வரை புகச்சோவ் தலைமையில் நடந்த உழவர் கிளர்ச்சியை இரக்கமின்றி நசுக்கினார். அவருடைய காலத்தில்தான் கெராசிம் லெபெதெவ் என்ற ரஷ்ய இசைக்கலைஞர் 1785இல் சென்னைக்கு வந்தார். இரண்டு ஆண்டுகள் இங்கே தங்கி இசை நிகழ்ச்சிகள் நடத்தினார், தமிழும் கற்றார். பிறகு கல்கத்தா சென்று, 1795இல் ஐரோப்பிய பாணி அரங்கில் வங்காள மொழி நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றினார்.

விடுதலையும் கடனும்

1812இல் நெப்போலியனைத் துரத்திச் சென்று பாரிஸ் வரை போன இளம் படை அதிகாரிகள், தங்கள் நாட்டின் பின்தங்கிய நிலையை நேரில் உணர்ந்து திரும்பினார்கள். அவர்களில் சிலர் 1825 டிசம்பரில் அரசியலமைப்புக் கோரிக் கிளர்ந்தபோது ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டனர். பலர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1849இல் தஸ்தயெவ்ஸ்கியும் ஒரு வாசகர் வட்டத்தில் இருந்த குற்றத்துக்காகக் கொலைக்களம் வரை கொண்டுசெல்லப்பட்டு, கடைசி நிமிடத்தில் சைபீரியச் சிறைத் தண்டனை பெற்றார். எதிர்ப்பவரை சைபீரியாவுக்கு அனுப்பும் வழக்கம் சோவியத் ஆட்சி கண்டுபிடித்ததல்ல. ஜார் ஆட்சியிலிருந்து பெற்று, பல மடங்கு பெருக்கியது.

கிரிமியப் போரில் தோற்ற பின், இரண்டாம் அலெக்சாண்டர் 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார். ஏறத்தாழ 2.3 கோடிப் பேர் விடுதலை பெற்றனர். ஆனால் நிலம் இலவசமாகக் கிடைக்கவில்லை. அதன் விலையை 49 ஆண்டுத் தவணையில் கட்ட வேண்டும் என்றது சட்டம். கடனைக் கிராமச் சமூகமே கூட்டாகச் சுமந்ததால், உழவர் ஊரைவிட்டு எளிதில் வெளியேறவும் முடியவில்லை. 1917இல் ‘நிலம்’ என்ற முழக்கத்துக்குக் கோடிக்கணக்கானோர் திரண்டதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. 1897 கணக்கெடுப்பின்படி பேரரசின் மக்கள்தொகை சுமார் 12.5 கோடி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர்.

ஜப்பானுடன் போரில் தோற்றுக்கொண்டிருந்த 1905 ஜனவரியில், ஜாரிடம் மனுக் கொடுக்கச் சென்ற தொழிலாளர் ஊர்வலம் சுடப்பட்டது. நாடெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. ஜார் இரண்டாம் நிக்கோலஸ் ‘டூமா’ என்ற நாடாளுமன்றத்தை அனுமதித்தார். ஆனால் அதன் அதிகாரத்தை விரைவிலேயே முடக்கினார். 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதி இந்தக் கிளர்ச்சி பற்றி எழுதினார். அதே காலத்தில் ரஷ்யாவிலிருந்தும் ஒரு பார்வை தமிழ் நோக்கித் திரும்பியது. டால்ஸ்டாய் 1908இல் எழுதிய ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ கட்டுரையில் திருக்குறளின் இன்னா செய்யாமைக் கருத்துகளை எடுத்தாண்டார். அக்கட்டுரையைக் காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்தார். தென்னாப்பிரிக்காவில் 1910இல் டால்ஸ்டாய் பெயரால் அமைந்த பண்ணையில் தமிழர்கள் பலர் காந்தியோடு வாழ்ந்தார்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு புரட்சிகள்

1917இல் நடந்தது ஒரு புரட்சி அல்ல, இரண்டு. இதைப் பிரித்துப் படிக்காதவர்கள் தடுமாறுவார்கள். முதலாவது பிப்ரவரிப் புரட்சி. முதல் உலகப் போரும் ரொட்டித் தட்டுப்பாடும் தாங்காமல் பெத்ரோகிராட் (செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) பெண் தொழிலாளர்கள் உலக மகளிர் நாளில் தெருவில் இறங்கினர். படைவீரர்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தனர். ஜார் பதவி விலகினார்; இடைக்கால அரசு அமைந்தது. இரண்டாவது அக்டோபர் புரட்சி. போரை நிறுத்தாத அந்த இடைக்கால அரசை லெனின் தலைமையிலான போல்ஷ்விக்குகள் கவிழ்த்தார்கள். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி பதின்மூன்று நாள் பின்தங்கி இருந்ததால், பிப்ரவரிப் புரட்சி நமது கணக்கில் மார்ச் மாதத்திலும், அக்டோபர் 25 எழுச்சி நவம்பர் 7ஆம் தேதியிலும் வருகிறது. 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 என்று அறிவித்துப் புதிய அரசு நாட்காட்டியைச் சரிசெய்தது.

பாரதியின் ‘புதிய ருஷ்யா’ கவிதை ஜாரின் வீழ்ச்சியைப் பாடுவது. அதே பாரதி, ‘செல்வம்’ என்ற கட்டுரையில், கொலையின் வழியே சமத்துவத்தைக் கொண்டுவர முயலும் லெனினின் பாதையை ஏற்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். கொடுங்கோன்மை வீழ்ந்ததில் மகிழ்ச்சி, பலாத்காரத்தில் உடன்பாடின்மை ஆகிய இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

அரசியலமைப்பு அவைக்கு நடந்த தேர்தலில் போல்ஷ்விக்குகள் பெரும்பான்மை பெறவில்லை. 1918 ஜனவரியில் ஒரே அமர்வோடு அந்த அவை கலைக்கப்பட்டது. ஜூலையில் ஜார் குடும்பம் சுட்டுக் கொல்லப்பட்டது. உள்நாட்டுப் போர், பஞ்சம், குரோன்ஸ்டாட் மாலுமிகளின் கிளர்ச்சி ஆகியவற்றுக்குப் பின், 1921இல் சிறு வணிகத்தை அனுமதிக்கும் புதிய பொருளாதாரக் கொள்கைக்கு லெனின் இறங்கி வந்தார். 1922 டிசம்பர் 30இல் சோவியத் ஒன்றியம் உருவானது. 1924 ஜனவரியில் லெனின் இறந்தார்; பிறகு அதிகாரம் ஸ்டாலின் கைக்குச் சென்றது.

ஒரு தமிழறிஞரின் கதை

ஜார் காலத்திலிருந்து ஸ்டாலின் காலம் வரை ரஷ்யா கடந்த பாதையை ஒரே மனிதரின் வாழ்க்கையில் காண வேண்டுமானால், அலெக்சாண்டர் மெர்வார்த்தைப் பார்க்கலாம். ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவில் குடியேறிய இவர், பீட்டர் தொடங்கிய குன்ஸ்த்கமேராவில் பணியாற்றினார். அருங்காட்சியகத்துக்கு இந்தியப் பொருள்களைச் சேகரிக்க, மனைவி லுத்மிலாவுடன் 1914இல் இலங்கைக்குப் புறப்பட்டார். உலகப் போர் மூண்டது. திரும்பும் வழிகள் அடைபட்டன. தம்பதியர் தென்னிந்தியாவில் பயணம் செய்து, இம்மண்ணின் மொழிகளைக் கற்று, கலைப்பொருள்களைச் சேகரித்தனர். அவர்கள் புறப்பட்டபோது நாட்டை ஆண்டவர் ஜார்; 1918இல் விளாதிவஸ்தோக் துறைமுகத்தில் இறங்கியபோது ஜாரும் இல்லை, இடைக்கால அரசும் இல்லை.

1920களில் லெனின்கிராட் (பழைய பெத்ரோகிராட்) திரும்பிய மெர்வார்த், அங்கே தமிழ் கற்பித்தார். பேச்சுத் தமிழின் இலக்கணத்தை ரஷ்ய மொழியில் எழுதி 1929இல் வெளியிட்டார். மறு ஆண்டே கைது செய்யப்பட்டார். ‘கல்விக்கழக வழக்கு’ என்று அறியப்படும் அந்த வழக்கில், வரலாற்றறிஞர் பிளத்தோனவ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் மீது, சோவியத் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டது. மெர்வார்த் 1932இல் வடக்கே ஒரு தொழிலாளர் முகாமில் உயிரிழந்தார். லுத்மிலாவும் தண்டனை அனுபவித்தார். பின்னாளில் மாஸ்கோவில் மலாய் மொழி கற்பித்தார். ஸ்டாலின் மறைவுக்குப் பின் இவ்வழக்கில் சிக்கியவர்கள் குற்றமற்றவர்கள் என அறிவிக்கப்பட்டனர். தமிழுக்காக உழைத்த இந்த மனிதரின் முடிவைத் தமிழர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

எஃகும் பஞ்சமும்

1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. அணைகளும் எஃகு ஆலைகளும் டிராக்டர் தொழிற்சாலைகளும் வியக்கத்தக்க வேகத்தில் எழுந்தன. எழுத்தறிவு பரவியது, பெண்கள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆனார்கள். அதே வேளையில் உழவர்களின் நிலமும் கால்நடையும் கூட்டுப்பண்ணைகளில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டன. தானியக் கொள்முதல் ஈவிரக்கமின்றி நடந்தது. 1932–33 பஞ்சத்தில் உக்ரைன், கசாக்ஸ்தான், வோல்கா பகுதிகளில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். 1937–38இல் மட்டும் சுமார் 6,80,000 பேர் அரசியல் குற்றச்சாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டதை அரசின் சொந்த ஆவணங்களே காட்டுகின்றன. லெனினின் தோழர் புகாரின் 1938 மார்ச்சில் கொல்லப்பட்டார்.

தமிழ்நாட்டுக்கு எட்டிய சித்திரம் வேறாக இருந்தது. 1923 மே 1இல் இந்தியாவிலேயே முதன்முறையாகச் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், சோவியத் பரிசோதனையை நம்பிக்கையோடு விளக்கி வந்தார். கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கத்தை 1931இல் ‘குடி அரசு’ வெளியிட்டது. பெரியார் 1932இல் சில மாதங்கள் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். அந்த ஆண்டின் இறுதியில் சிங்காரவேலரும் அவரும் சேர்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டத்தை முன்வைத்தனர். சாதியும் ஜமீன்தாரியும் அழுத்திய ஒரு சமூகத்துக்கு, கோயில் நிலமும் பிரபுக்களின் மாளிகையும் பொதுவுடைமையான செய்தி எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை உணராமல், அவர்களுடைய ஆர்வத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. கிராமத்தில் நடந்த பஞ்சமும் சிறையில் நடந்த கொலைகளும் அப்போது வெளியுலகுக்கு மறைக்கப்பட்டிருந்தன.

போரும் அதன் பின்னும்

1941 ஜூன் 22இல் ஹிட்லர் படையெடுத்தார். லெனின்கிராட் நகரம் 872 நாள் முற்றுகையில் பட்டினி கிடந்தது. ஸ்டாலின்கிராட் போர் நாஜிப் படையின் முதுகெலும்பை முறித்தது. சுமார் 2.7 கோடி சோவியத் மக்கள் உயிரிழந்தனர். அந்தத் தியாகம் இல்லாமல் நாஜிசம் வீழ்ந்திருக்காது.

1953 மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்தார். அதற்கு நான்கு நாள் முன் பிறந்த தன் மகனுக்கு அவர் பெயரைச் சூட்டினார் கருணாநிதி. மூன்றே ஆண்டுகளில், 1956 பிப்ரவரியில், ஸ்டாலினின் குற்றங்களைக் கட்சி மாநாட்டில், அவருக்குப் பின் தலைமைக்கு வந்த குருஷ்சேவ் வெளியிட்டார். முகாம்களிலிருந்து லட்சக்கணக்கானோர் வீடு திரும்பினர். 1957இல் ஸ்புட்னிக் பறந்தது. 1961இல் ககாரின் விண்வெளிக்குச் சென்றார். தமிழ்நாட்டிலும் சோவியத் உதவி கண்ணெதிரே எழுந்தது. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் மின்சாரம் தந்தது. ஈக்காட்டுத்தாங்கலுக்கு அண்மையில் உள்ள நந்தம்பாக்கத்தில், அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்யும் பொதுத்துறை ஆலை 1960களில் சோவியத் ஒத்துழைப்போடு நிறுவப்பட்டது.

இவற்றைவிட ஆழமாகப் பதிந்தது புத்தகம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பிறகு ராதுகா பதிப்பகமும் தமிழ் நூல்களை அங்கேயே அச்சிட்டன. 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றை ஊர் ஊராக விற்றது. கெட்டி அட்டை, நல்ல தாள், வண்ணப் படங்கள், யாரும் வாங்கக்கூடிய விலை. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பில், டால்ஸ்டாயும் ஐத்மாத்தவும் தமிழ் வீடுகளுக்குள் வந்தார்கள். போரிஸ் வசீலியெவின் ‘அதிகாலையின் அமைதியில்’ நாவலின் தாக்கத்தில்தான் 2009இல் ‘பேராண்மை’ திரைப்படம் உருவானது. ஆனால் சோவியத் அரசு அனுமதித்தது மட்டுமே அந்த அலமாரிக்கு வந்தது. முகாம் வாழ்க்கையை எழுதிய சோல்ஷெனிட்சின் அதில் இல்லை.

சரிவு

குருஷ்சேவுக்குப் பின் வந்த பிரெஷ்னெவ் காலத்தில் வேலையும் வீடும் உறுதியாக இருந்தன. ஆனால் பொருளாதாரம் தேங்கியது. ஆயுதச் செலவும் ஆப்கன் போரும் கழுத்தை நெரித்தன. கடைகளில் வரிசை நீண்டது. 1985இல் பொறுப்பேற்ற கோர்பச்சேவ், சீரமைப்பையும் வெளிப்படைத்தன்மையையும் அறிவித்தார். 1986இல் செர்னோபில் விபத்தை மறைக்க நடந்த முயற்சி, அரசின் மீதான நம்பிக்கையை மேலும் குலைத்தது. பேச்சுரிமை கிடைத்ததும், பல ஆண்டுகளாக அடக்கி வைக்கப்பட்டிருந்த தேசிய இனங்கள் தங்கள் குறைகளைப் பேசின. 1991 டிசம்பர் 25இல் கோர்பச்சேவ் பதவி விலகினார். பதினைந்து நாடுகள் பிறந்தன. 1988இல் ராஜீவ் காந்தியும் அவரும் கையெழுத்திட்ட கூடங்குளம் அணுமின் திட்டம் பத்தாண்டு கிடப்பில் கிடந்து, 1998இல் ரஷ்யாவோடு புதுப்பிக்கப்பட்டது. மாஸ்கோவிலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் வருவதும் நின்றுபோனது.

படிக்கும் முறை

தமிழில் படிக்க விரும்புபவர்கள் நாவல்களில் தொடங்கலாம். ஜார் காலச் சமூகத்தை டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’, ‘புத்துயிர்ப்பு’ காட்டும். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த ‘குற்றமும் தண்டனையும்’ பீட்டர்ஸ்பர்க்கின் வறுமையைக் காட்டும். கார்க்கியின் ‘தாய்’ 1905ஐ ஒட்டிய தொழிலாளர் எழுச்சியைச் சொல்லும். ஜான் ரீடின் ‘உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்’ அக்டோபரை நேரில் கண்டு எழுதியது. அடுத்து, சோவியத் பதிப்பகங்கள் விட்டுவிட்ட பக்கத்தைப் படிக்க வேண்டும். 1991க்குப் பின் ஆவணக் காப்பகங்கள் திறந்த பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில், புகாரினின் கொலையை மையமாகக் கொண்டு ஜெயமோகன் எழுதிய ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (1999) நாவல் இந்த விவாதத்தைத் தொடங்கி வைத்தது. இடதுசாரிகளின் மறுப்புகளையும் அதோடு சேர்த்துப் படிப்பதே நல்லது.

நகரப் பெயர்களைக் கவனித்தால் காலவரிசை மனதில் நிற்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெத்ரோகிராட், 1924இல் லெனின்கிராட், 1991இல் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். எந்த நூலை எடுத்தாலும், அது எந்த ஆண்டில், எங்கே, யார் செலவில் அச்சானது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். 1952இல் மாஸ்கோவில் வந்த வரலாறும் 1992இல் வந்த வரலாறும் ஒன்றாக இருக்காது. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் நூல்களைத் தேடலாம். மொழியையே கற்க விரும்பினால் ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்ய கலாசார மையம் இருக்கிறது.

இப்படித் தொடர்ச்சியாகப் படிப்பவருக்கு இரண்டு உண்மைகள் தெளிவாகும். 1917இல் மக்கள் எழுந்ததற்கு 1649 முதல் சேர்ந்துவந்த அநீதி காரணம். அது சிலரின் சூழ்ச்சி மட்டுமல்ல. அந்த எழுச்சியில் பிறந்த அரசு, கேள்வி கேட்பவரை ஒடுக்கும் பழைய கருவிகளைக் கைவிடாததால், தான் உயர்த்திய மக்களையே பலிகொண்டது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் எந்தப் புத்தகமும் ரஷ்ய வரலாற்றில் பாதியைத்தான் சொல்கிறது.